லிப்பிடும் பாலிமரும் கலந்த செயற்கைச் செல் சவ்வு: செய்முறையும் கோளாறுகளும்

குப்பியில் ஊற்றிய விகிதம் ஒன்று, சவ்வில் போய்ச் சேரும் விகிதம் இன்னொன்று. லிப்பிடையும் (உயிர்ச்செல்லின் சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு) பாலிமரையும் கலந்து செயற்கைச் சவ்வு செய்யும்போது எழும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான். மின்னழுத்தம், அலைவெண், வெப்பநிலை என்று கடைசிக் கட்டத்தையே மாற்றி மாற்றிப் பார்ப்போம். கோளாறு அதற்கு முந்தைய நாளே, குளோரோஃபார்ம் காய்ந்த கண்ணாடியில் நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்தப் பதிவில் கலவைக்கும் உலர்படலத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செய்யப்போவது 10 முதல் 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, ஒரே ஒரு சவ்வால் மூடிய உருண்டைகள். வெசிக்கிள் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். இனிப் பை என்றே எழுதுகிறேன். கலவையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகக் காயவைத்து, சர்க்கரைக் கரைசலில் மின்புலம் கொடுத்து வீங்கவைத்து இவற்றை வளர்ப்போம். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே இவற்றின் விளிம்பு தெரியும், ஒளிரும் சாயம் கலந்து ஃப்ளூரசன்ஸில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏன் இரண்டையும் கலக்க வேண்டும்

பிஓபிசி போன்ற லிப்பிட் தனியாகவே அழகான சவ்வு கட்டும். இரண்டு அடுக்காக அமைந்து, நடுவில் சுமார் 3 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய்ப் பகுதியை உருவாக்கும். உயிருள்ள செல்லின் சவ்வுப் புரதங்கள் பொருந்துவது இந்தத் தடிமனுக்குத்தான். ஆனால் இது மென்மையான பொருள். பரப்பளவு ஏறக்குறைய 5 சதவீதம் விரிந்தாலே கிழிந்துவிடும், சில நாள்களில் கசியத் தொடங்கும், சோப்பு வகைப் பொருள் பட்டால் கரைந்தே போகும்.

இரட்டைக் கட்டுப் பாலிமர் இதற்கு எதிர்ப்பக்கம். ஒரு முனையில் நீரை வெறுக்கும் பாலிபியூட்டாடையீன், மறுமுனையில் நீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. இதுவும் இரண்டு அடுக்காகத்தான் அமையும், ஆனால் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து உட்பகுதி ஏறத்தாழ 5 முதல் 10 நானோமீட்டர் வரை தடிக்கும். 1999-இல் டிஷரும் கூட்டாளிகளும் பாலிமர்ப் பைகளைப் பற்றி வெளியிட்ட முதல் அளவீடுகளிலேயே, பரப்பு 20 சதவீதத்தை ஒட்டி விரியும்வரை அவை தாங்கின. நீர் ஊடுருவுவதும் லிப்பிட் சவ்வைவிடப் பத்தில் ஒரு பங்குதான். குறை என்னவென்றால், இந்தத் தடிமனுக்குள் பல புரதங்கள் சரியாக உட்காராது. சவ்வுக்குள் மூலக்கூறுகள் நகர்வதும் மந்தம்.

கலப்புச் சவ்வு இரண்டின் நல்லதையும் பிடிக்கும் முயற்சி. ஆனால் 3 நானோமீட்டர்ப் பொருளும் 6 நானோமீட்டர்ப் பொருளும் ஒரே தாளில் அருகருகே நிற்க வேண்டுமென்றால், தடிமன் மாறும் எல்லைக்கோட்டில் எண்ணெய்ப் பகுதி தண்ணீருக்கு வெளிப்படும், அல்லது சங்கிலிகள் வளைந்து அதை மறைக்கும். இரண்டுக்கும் ஆற்றல் செலவு உண்டு. வேறுபாடு கூடக்கூட, இரண்டும் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்துகொள்வதே மலிவான வழி ஆகிவிடும். அதனால் தொடங்குகிறவர்கள் நீளமான பாலிமரை எடுக்க வேண்டாம். 1200 மூலக்கூறு எடையுள்ள பியூட்டாடையீன் கட்டும் 600 மூலக்கூறு எடையுள்ள எத்திலீன் ஆக்சைடு கட்டும் கொண்டது (மொத்தம் 1800) நல்ல தேர்வு. 2500-ம் 1300-ம் கொண்டது வலுவான பை தரும், ஆனால் லிப்பிடோடு ஒட்டி நிற்க வைப்பது கடினம்.

பாலிமர் வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னோர் எண்: நீர்விரும்பும் பகுதி மொத்த எடையில் எத்தனை பங்கு என்பது. மேலே சொன்ன முதல் பாலிமரில் 600-ஐ 1800-ஆல் வகுத்தால் 33 சதவீதம். 25 முதல் 40 வரை இருந்தால் பை வரும். அதற்கு மேலே போனால் புழு வடிவ மைசெல்கள் (பை ஆகாத மூலக்கூறுத் திரள்கள்), பாதியைத் தாண்டினால் சிறு உருண்டை மைசெல்கள். நுண்ணோக்கியில் மெல்லிய நூல்கள் மட்டுமே நெளிகிறது என்றால் மின்புலத்தைக் குறை சொல்லாமல், அந்தத் தொகுதிப் பாலிமரின் சான்றிதழை எடுத்துப் படியுங்கள். தொகுதிக்குத் தொகுதி இந்தப் பங்கு மாறும்.

கலவைக் கணக்கு

மோல் விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல என்பதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிஓபிசியின் மூலக்கூறு எடை 760, பாலிமருடையது 1800. மோலில் 50:50 என்றால் எடையில் ஏறக்குறைய 30:70. இருவர் தங்கள் முடிவுகளை ஒப்பிடும்போது ஒருவர் மோலிலும் இன்னொருவர் எடையிலும் பேசினால் ஒப்பீடே பொருளற்றுப் போகும்.

மொத்தம் 1 மில்லிமோலார் செறிவுள்ள 1 மி.லி. கலவைக்கு, மோலில் பாதிக்குப் பாதி:

பிஓபிசி, குளோரோஃபார்மில் 10 மி.கி./மி.லி. — 38 மைக்ரோலிட்டர்
பாலிமர், குளோரோஃபார்மில் 10 மி.கி./மி.லி. — 90 மைக்ரோலிட்டர்
ரோடமைன் சாயம் கோத்த லிப்பிட் (மூலக்கூறு எடை 1302), 0.1 மி.கி./மி.லி. — 13 மைக்ரோலிட்டர்
அடர்சிவப்புச் சாயம் (சை5 வகை) கோத்த அதே பாலிமர், 0.1 மில்லிமோலார் — 10 மைக்ரோலிட்டர்
குளோரோஃபார்ம் — 849 மைக்ரோலிட்டர்

சாயம் ஒவ்வொன்றும் 0.1 மோல் சதவீதம்தான். 0.5 போட்டால் படம் பளிச்சென்று வரும் என்ற ஆசை எழும், அடக்கிக்கொள்ளுங்கள். 0.1 சதவீதத்தில் ஒரே வகைச் சாய மூலக்கூறுகளுக்கு இடையே சராசரி 25 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். செறிவு கூடினால் ரோடமைன் வாங்கிய ஒளியாற்றலைப் பக்கத்திலுள்ள சை5 பறித்துக்கொள்ளும். அப்போது ரோடமைன் மங்குவது லிப்பிட் குறைவதால் அல்ல, பாலிமர் பக்கத்தில் இருப்பதால். பின்னால் வரும் விகித அளவீடு முழுவதும் பொய்யாகிவிடும்.

லிப்பிடுக்கு மட்டும் சாயம் போட்டு வேலையை முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாலிமர் இல்லாத, வெறும் லிப்பிட் பையும் அதே சிவப்பில் அழகாகத் தெரியும். கலப்புப் பை என்று சொல்ல இரண்டாவது சாயம் கட்டாயம் வேண்டும்.

குளோரோஃபார்ம் தொடர்பான எதையும் பிளாஸ்டிக்கில் செய்யக் கூடாது. மைக்ரோபிப்பெட் முனையிலிருந்து கரைந்து வரும் நெகிழிப் பொருள்கள் நேராகச் சவ்வுக்குள் போய் உட்காரும். கண்ணாடி சிரிஞ்சு, கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் உட்பூச்சுள்ள மூடி. வேலை முழுவதும் புகைபோக்கிப் பெட்டிக்குள். நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மைத் தாங்காது, துளி பட்ட உடனே கழற்றி மாற்ற வேண்டும். கழிவை ஹாலஜன் கரைப்பான் குடுவையில் சேருங்கள்.

பாலிமர் பொடி அல்ல, பிசுபிசுப்பான பசை. தட்டில் நிறுத்து மாற்ற முயன்றால் பாதி கரண்டியிலேயே ஒட்டிவிடும். வெறும் குப்பியை எடைபோட்டு, பசையை அதற்குள்ளேயே தடவி, மறுபடி எடைபோட்டு, கிடைத்த எடைக்கேற்பக் கரைப்பானை ஊற்றுங்கள். மூடுவதற்கு முன் ஆர்கானை ஊதி, குப்பியின் மொத்த எடையை மேலே எழுதி, −20 °செ.-இல் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறந்து, மறுபடி எடைபோடுங்கள். எடை குறைந்திருந்தால் குளோரோஃபார்ம் ஆவியாகிச் செறிவு ஏறிவிட்டது என்று பொருள். பாலிபியூட்டாடையீனின் ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, ஆக்சிஜனுக்கு அது லிப்பிடைவிடச் சுலபமான இரை. ஆர்கானைத் தவிர்த்தால் சில மாதங்களில் அதே குப்பி வேறு பொருளாகியிருக்கும்.

லிப்பிட் செறிவைச் சரிபார்க்க அம்மோனியம் ஃபெரோதயோசயனேட் நிறச் சோதனையைப் பலர் செய்வார்கள். தனி லிப்பிடுக்கு அது போதும். கலவையில் செய்யாதீர்கள். பாலிஎத்திலீன் ஆக்சைடும் அதே வினைப்பொருளோடு நிறம் தரும், விடை தாறுமாறாக ஏறும். கலவைக்குப் பாஸ்ஃபேட் அளவீடுதான் சரி, பாலிமரில் பாஸ்பரஸ் கிடையாது.

படலம்

இதற்கு வேண்டியது ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒரு பக்கம்தான் மின்சாரம் கடத்தும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தகட்டில் தொட்டுப் பாருங்கள்: கடத்தும் பக்கம் சில பத்து ஓம் காட்டும், மறுபக்கம் அளவைத் தாண்டும். மூலையில் சிறு கீறல் போட்டு அடையாளம் வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. சோப்பு நீர், தூய நீர், எத்தனால், கடைசியாகக் குளோரோஃபார்ம் நனைத்த துடைதாள் என்ற வரிசையில் கழுவி, நைட்ரஜனால் ஊதி உலர்த்துங்கள்.

எவ்வளவு கலவை தடவுவது? சூத்திரத்தை நம்பாமல் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 மில்லிமோலாரில் 10 மைக்ரோலிட்டர் என்பது 10 நானோமோல், அதாவது ஏறக்குறைய 6 × 10¹⁵ மூலக்கூறுகள். ஒரு பிஓபிசி மூலக்கூறு சவ்வில் சுமார் 0.65 சதுர நானோமீட்டர் இடம் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே வரிசையாகப் பரப்பினால் 39 சதுர செ.மீ., இரட்டை அடுக்காகப் பரப்பினால் சுமார் 20 சதுர செ.மீ. தகட்டில் 2 × 2 செ.மீ. இடத்தில் தடவினால் ஐந்து சவ்வு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நமக்கு வேண்டியது இந்த அளவுதான். பாலிமர்ச் சங்கிலி கொஞ்சம் கூடுதல் இடம் எடுப்பதால் கலவையில் அடுக்கு எண்ணிக்கை சற்றுக் கூடும். 50 மைக்ரோலிட்டர் ஊற்றினால் பை அதிகம் வரும் என்று நினைப்பது தவறு. தடித்த படலத்தில் வெளியடுக்கு வீங்கும்போதே உள்ளடுக்குகளும் கூடவே இழுபட்டு, பைக்குள் பை, குழாய், நூல்கண்டு என்று எல்லாம் கலந்து வரும்.

தடவும் விதம்தான் இந்த வேலையின் உயிர்நாடி. 10 மைக்ரோலிட்டரை ஒரே சொட்டாக விட்டால் விளிம்பில் வளையமாகக் காயும். குளோரோஃபார்ம் சுருங்கும்போது லிப்பிடும் பாலிமரும் ஒரே வேகத்தில் வெளியே வந்து படிவதில்லை. ஆகவே நடுப்பகுதியில் ஒன்று, வளையத்தில் மற்றொன்று என்று பிரியும். ஒரே தகட்டிலிருந்து தூய லிப்பிட் பையும் தூய பாலிமர்ப் பையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்கு இதுவே முதற்காரணம். சிரிஞ்சு ஊசியின் பக்கவாட்டைத் தகட்டில் படுக்க வைத்து, 2 மைக்ரோலிட்டராக விட்டுக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் இழுங்கள். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நொடிக்குள் காய வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரே சீரான மெல்லிய வானவில் சாயல் தெரிந்தால் நல்ல படலம். திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தால் குளோரோஃபார்மில் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், தொடர்ந்து செய்வதில் பயனில்லை. சுழல்பூச்சுக் கருவி இருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

பிறகு வெற்றிடம். தனி லிப்பிடுக்கு இரண்டு மணி நேரம் போதும், பாலிமர் சேர்ந்தால் இரவு முழுவதும் வையுங்கள். பசை போன்ற பாலிமர் குளோரோஃபார்மை எளிதில் விடாது. மிச்சக் கரைப்பானோடு வீங்கிய பை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சாயத்தைப் பிடித்து வைக்காமல் கசியும். வெற்றிடத்தைத் திறக்கும்போது காற்றுக்குப் பதில் நைட்ரஜனையோ ஆர்கானையோ விடுங்கள்.

வீங்கவைத்தல்

மின்புலத்தில் பை வளர்க்கும் முறையை 1986-இல் அங்கெலோவாவும் திமித்ரோவும் காட்டினார்கள். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இரண்டு தகடுகளின் கடத்தும் பக்கங்களும் உள்நோக்கி இருக்க, நடுவே 2 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கோன் சட்டம் வைத்துக் கவ்விகளால் இறுக்குங்கள். 2 × 2 செ.மீ. உட்புறம் கொண்ட சட்டம் 0.8 மி.லி. பிடிக்கும். தகடுகளின் நீட்டிய ஓரங்களில் செம்பு நாடா ஒட்டி மின்கம்பிகளை இணையுங்கள்.

உள்ளே ஊற்றுவது 300 மில்லிமோலார் சுக்ரோஸ்: 10.27 கிராமைக் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கி, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தது. சட்டத்தின் ஓர் ஓரத்தில் ஊசியைச் செருகி, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஊற்றினால் படலம் சுருண்டு கழன்று மிதக்கும். காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் ஒன்றும் வளராது. நிரப்பியதும் உடனே மின்சாரம் கொடுங்கள்.

சைன் அலை, 10 ஹெர்ட்ஸ். உச்சியிலிருந்து உச்சிக்கு 0.5 வோல்ட்டில் 10 நிமிடம், 1 வோல்ட்டில் 20 நிமிடம், பிறகு 2 வோல்ட்டில் ஒன்றரை மணி நேரம். பாலிமர் பாதிக்குமேல் இருந்தால் கடைசிக் கட்டத்தை 3 வோல்ட், மூன்று மணி நேரம் வரை நீட்டலாம். இறுதியில் அலைவெண்ணை 2 ஹெர்ட்ஸாக்கி அரை மணி நேரம் விட்டால் பைகள் தகட்டிலிருந்து கழன்று வரும். இந்த எண்களெல்லாம் 2 மி.மீ. இடைவெளிக்கு உரியவை. சட்டம் 1 மி.மீ. என்றால் வோல்ட்டையும் பாதியாக்குங்கள், ஏனென்றால் வேலை செய்வது வோல்ட் அல்ல, ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்ற புலம்.

அலையாக்கியில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கருவிகள் வெளியே 50 ஓம் சுமை இருப்பதாக எண்ணிக்கொண்டு திரையில் எண்ணைக் காட்டும். நம் தகடுகளுக்கு இடையிலுள்ள கரைசலின் மின்தடை அதைவிட மிக அதிகம், எனவே திரையில் 2 என்று இருந்தாலும் தகடுகளுக்கு 4 வோல்ட் போகும். அமைப்பில் உயர்தடைச் சுமை என்று மாற்றுங்கள், அலைகாட்டியிலும் ஒருமுறை உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரை மட்டும் வைத்திருப்பவர்கள், சோதனைக்காக அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி அளக்கலாம் (பல மீட்டர்கள் 10 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது): உச்சிக்கு உச்சி 2 வோல்ட் என்றால் மீட்டரில் 0.71 தெரிய வேண்டும். இரண்டு மடங்கு போய்க்கொண்டிருந்தால் சிறு வாயுக்குமிழிகள் எழும், ஐடிஓ பழுப்பேறும், லிப்பிடும் ஆக்சிஜனேற்றம் அடையும். பழுப்பேறிய தகட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

வெப்பநிலை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பிஓபிசி −2 °செ.-க்கு மேல் திரவநிலைச் சவ்வு, இந்தக் குட்டைப் பாலிமரும் அறை வெப்பநிலையில் இளகியே இருக்கும். 41 °செ.-இல் இளகும் டிபிபிசி போன்ற லிப்பிடைச் சேர்த்தால் மட்டும் தகடுகளையும் சட்டத்தையும் கரைசலோடு சேர்த்து 50 °செ. வரை சூடாக்கி வளர்த்து, பின் மெதுவாக ஆறவிட வேண்டும்.

உப்பு இருந்தால்

செல்லுக்கு ஒப்பான 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் 10 ஹெர்ட்ஸ் வேலைக்கு ஆகாது. 500 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏற்றினால் ஓரளவு வளரும். ஆனால் புரதத்துக்காக உப்பு வேண்டும் என்பவர்கள் மின்புலத்தை விட்டுவிட்டுப் பாலிவினைல் ஆல்கஹால் படுக்கைக்கு மாறுவதே நல்லது. மூலக்கூறு எடை 145,000 ஆன, 98 சதவீதத்துக்கு மேல் நீராற்பகுப்பு ஆனதை எடையில் 5 சதவீதம் எடுத்து, 90 °செ. நீரில் கலக்கிக்கொண்டே கரையுங்கள். நீராற்பகுப்புக் குறைந்த வகை அறை வெப்பநிலை நீரிலேயே கரைந்து சவ்வோடு கலந்துவிடும், அதனால்தான் இந்த எண்ணில் விட்டுக்கொடுக்க முடியாது. கண்ணாடியில் 100 மைக்ரோலிட்டரை மெல்லியதாகப் பரப்பி 50 °செ. அடுப்பில் அரை மணி நேரம் உலர்த்தி, அதன்மேல் முன்போலவே 10 மைக்ரோலிட்டர் கலவை, வெற்றிடம், பிறகு 50 மில்லிமோலார் சுக்ரோஸ் சேர்த்த தாங்கல் கரைசல் 300 மைக்ரோலிட்டர். ஒரு மணி நேரத்தில் பைகள் நிறைந்திருக்கும். படுக்கையின் பாலிமர் துளியளவாவது பைக்குள் போகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வின் விறைப்பை அளக்கும் சோதனைகளுக்கு இந்த முறை ஏற்றதல்ல.

எடுப்பதும் பார்ப்பதும்

மைக்ரோபிப்பெட் முனையைக் கத்தரியால் சாய்வாக வெட்டி வாயை அகலமாக்கிக்கொண்டு மெதுவாக உறிஞ்சுங்கள். குறுகிய வாய் வழியே வேகமாக இழுத்தால் 30 மைக்ரோமீட்டர்ப் பை ஐந்தாறு துண்டுகளாகும்.

பார்க்கும் கிண்ணத்தில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். உள்ளே அடர்த்தி கூடிய சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் என்பதால் பைகள் அடியில் படியும், ஒளிவிலகல் வேறுபாட்டால் விளிம்பும் தெளிவாகத் தெரியும். ஒரே மோலாரில் இரண்டையும் எடுத்தால் சமமாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சுக்ரோஸ் மூலக்கூறு பெரிது, ஒரு லிட்டரில் அதிக இடத்தை அடைத்து நீரைக் குறைக்கிறது. 300 மில்லிமோலார் சுக்ரோஸ் சவ்வூடழுத்த அளவில் 330 மில்லிஆஸ்மோலை ஒட்டி நிற்கும், அதே குளுக்கோஸ் 310-ஐ ஒட்டி. இந்த 20 போதும், பை நீரை இழுத்து இறுகி, லிப்பிட் மிகுந்தவை வெடித்துவிடும். தாங்கி நிற்பவை பாலிமர் மிகுந்தவை மட்டுமே என்பதால், எண்ணிக்கையில் பாலிமர்ப் பைகளே அதிகம் என்ற தவறான முடிவும் கிடைக்கும். குளுக்கோஸை 320 மில்லிமோலாரில் (100 மி.லி.க்கு 5.77 கிராம்) தொடங்கி, ஆஸ்மோமீட்டரில் அளந்து, சுக்ரோஸைவிட 5 முதல் 10 மில்லிஆஸ்மோல் கூடுதலாக வையுங்கள். விளிம்பு லேசாக அலைபாய்ந்தால் சரியான நிலை.

கண்ணாடி அடிப்பகுதியை முதலில் 1 மி.கி./மி.லி. கேசினாலோ மாட்டு ஆல்புமினாலோ 20 நிமிடம் மூடிக் கழுவுங்கள். வெறும் கண்ணாடியில் லிப்பிட் பை விழுந்து தட்டையாகப் பரவிவிடும். பின் 200 மைக்ரோலிட்டர் குளுக்கோஸில் 50 மைக்ரோலிட்டர் பைக்கரைசலைச் சேர்த்து 20 நிமிடம் படியவிடுங்கள். கிண்ணத்தை மூடி வைக்காவிட்டால் நீர் ஆவியாகி அளந்த எண் எல்லாம் மாறிப்போகும்.

கோளாறுகள்

ஒன்றுமே வளரவில்லை என்றால் முதலில் தகட்டின் பக்கத்தைப் பாருங்கள், ஒரு தகடு திரும்பியிருக்கும். அடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மிஞ்சிய உப்பு அல்லது சோப்பு. எல்லாம் 5 மைக்ரோமீட்டருக்குக் கீழே நின்றால் படலம் மிக மெல்லியது, அல்லது நிரப்பும்போதே கழுவிப் போய்விட்டது.

பிரகாசமான கட்டிகளும் அவற்றோடு ஒட்டிய சிறு பைகளும் தெரிந்தால் படலம் சீராக இல்லை. வோல்ட்டை ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

சவ்வில் திட்டுகள் தெரிவதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. லிப்பிடும் பாலிமரும் உண்மையாகவே பிரிந்திருக்கலாம், அல்லது நுண்ணோக்கியின் ஒளியே பிரித்திருக்கலாம். சாயம் ஒளியை வாங்கும்போது உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகிறது. சங்கிலியின் தன்மை மாறியதும் கலந்திருந்தவை பிரிகின்றன. பிரித்தறிய ஒரு வழி: இதுவரை ஒளியே படாத ஓரத்துக்கு நகர்ந்து, குறைந்த ஒளியில் படமெடுத்து, முதல் படத்தையே பாருங்கள். முதல் படத்தில் சீராக இருந்து பத்தாவது நொடியில் திட்டு வந்தால் அது ஒளியின் வேலை. முதல் படத்திலேயே திட்டு இருந்தால் உண்மையான பிரிவு. உண்மைத் திட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடொன்று சேரும், எல்லைக்கோட்டைக் குறைப்பதற்காகப் புடைத்து மொட்டாகும், சில பைகளில் மொட்டு கிள்ளியெடுத்ததுபோல் பிரிந்தே போகும். காலையில் செய்த கலப்புப் பை மாலையில் தூய லிப்பிடும் தூய பாலிமருமாக இருப்பது இப்படித்தான். அதனால் எந்த அளவீட்டிலும் பைகளின் வயதை மணிக்கணக்கில் குறித்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பைக்கும் விகிதம்

பூமத்திய ரேகை போன்ற நடுத்தளத்தில் குவித்து, இரண்டு நிறத்திலும் படம் எடுங்கள். குறைந்தது 50 பைகள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வளையம் முழுவதையும் சுற்றிச் சராசரி எடுங்கள். மேல்கீழாக ஓரிடத்தில் மட்டும் கோடு இழுத்து அளப்பது தவறு. சாயம் சவ்வில் ஒரு குறிப்பிட்ட திசையில் சாய்ந்து நிற்கிறது, லேசர் ஒளியும் ஒரு திசையில் முனைவுற்றது, ஆகவே ஒரே பையின் மேற்புறமும் பக்கவாட்டும் வெவ்வேறு பிரகாசம் காட்டும். பின்னணியைக் கழித்து, லிப்பிடுச் சாயத்தைப் பாலிமர்ச் சாயத்தால் வகுத்த எண்ணைக் குறியுங்கள். ஒரே சாயம் போட்ட பைகளைத் தனியே செய்து, ஒரு நிறம் மற்றதில் எவ்வளவு கசிகிறது என்றும் அளக்க வேண்டும்.

கிடைக்கும் 50 எண்கள் எவ்வளவு சிதறியிருந்தால் அதிகம்? இதற்கு ஓர் ஒப்பீடு தேவை. இரண்டு சாயங்களையும் லிப்பிடிலேயே கோத்து, வெறும் பிஓபிசிப் பைகளில் அதே அளவீட்டைச் செய்யுங்கள். அதில் வரும் சிதறல் கருவிக்கும் அளக்கும் முறைக்கும் உரியது. கலப்புப் பைகளின் சிதறல் அதைவிட எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கலவையின் உண்மையான ஏற்றத்தாழ்வு. இந்த எண்களின் பரவல் வரைபடத்தில் இரண்டு மலைகள் தனித்தனியே எழுந்தால் உங்களிடம் இருப்பது கலப்புச் சவ்வு அல்ல, இரண்டு வகைப் பைகளின் கலவை. படலம் தடவும் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

கருவி எளிமையாக உள்ளவர்களுக்கு ஒரு சோப்புச் சோதனை: ட்ரைட்டான் எக்ஸ்-100-ஐக் கிண்ணத்தில் 0.05 சதவீதம் ஆகும்படி ஓரமாகச் சேருங்கள். லிப்பிட் பைகள் முதலில் மறையும், பாலிமர் மிகுந்தவை நின்று தாங்கும். எண் தராது, ஆனால் பாலிமர் சவ்வில் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தரும்.

துளைப் புரதம்

சவ்வு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆல்ஃபா ஹீமோலைசின் வசதியானது. நீரில் கரைந்திருக்கும் ஏழு மூலக்கூறுகள் சவ்வில் கூடி ஒரு துளையாகும், குறுகிய இடத்தில் சுமார் 1.4 நானோமீட்டர். செல்களைத் துளைக்கும் நச்சு இது என்பதால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பைகளின் உள்ளும் வெளியும் 10 மில்லிமோலார் ஹெப்பெஸ் தாங்கல் கரைசல், pH 7.4, சவ்வூடழுத்தம் சமம். இரண்டு கிண்ணங்கள் வையுங்கள். ஒன்றின் வெளிக்கரைசலில் கால்சீன் என்ற பச்சைச் சாயம் (622 டால்டன்) 10 மைக்ரோமோலார், மற்றதில் 70,000 டால்டன் பச்சைச் சாய டெக்ஸ்ட்ரான். இரண்டிலும் புரதம் 10 மைக்ரோகிராம்/மி.லி. பச்சை நிறத்தை இதற்காகவே காலியாக விட்டோம். ஒரு மணி நேரத்தில் கால்சீன் உள்ளே நிறைந்து, டெக்ஸ்ட்ரான் வெளியே நின்றால் துளை உருவானது. டெக்ஸ்ட்ரானும் உள்ளே போனால் அது துளை அல்ல, கிழிசல். புரதமே சேர்க்காத மூன்றாவது கிண்ணத்தில் கால்சீன் நுழைந்தால் மிச்சக் குளோரோஃபார்மைச் சந்தேகியுங்கள்.

எத்தனை சதவீதப் பைகள் நிறைந்தன என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்த வேண்டாம். நிறைந்த பை ஒவ்வொன்றுக்கும் முன்பே குறித்த விகித எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். துளைகள் லிப்பிட் மிகுந்த பைகளில் மட்டும் விழுந்திருந்தால், 50:50 கலவையில் புரதம் வேலை செய்கிறது என்று எழுத முடியாது. அந்தப் பைகளில் லிப்பிடும் பாலிமரும் 70:30 என்று இருந்தால், 70:30 பைகளில் செய்தது என்றுதான் எழுத வேண்டும்.